தொட்டிக்குள்ளிருந்து வந்த ‘அப்புறம்?’

அன்று அந்தக் கழிவுநீர்த் தொட்டியருகே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். லாரி ஓனர் இருந்தார். லாரியின் டிரைவர் அண்ணன் இருந்தார். சேலையூர்ப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு அது. அதன் சங்கச் செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். வாட்ச்மேன் இருந்தார். இரண்டாம் மாடியில் துணி உலர்த்த வந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, வாடை தாங்காமல் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார். தொட்டிக்குள் என் சித்தப்பா இருந்தார்.

இல்லாதவர் அப்பா. எல்லா நாளும் அங்கே நின்றவர் அவர்தான். அன்று மட்டும் இல்லை. நானும்தான் இல்லை, ஆனால் என்னை அந்த வேலைப் பக்கமே விடமாட்டார்கள் என்பதால் என்னைச் சேர்க்க வேண்டியதில்லை.

நண்பர்களே, போன ஞாயிறு நம் வாசிப்பு வட்டத்தில், அறிவியல் புனைகதையில் மனிதநேயத்துக்கு என்ன வேலை என்று பேச்சு வந்தது. அதெல்லாம் கருவிகளைப் பற்றிய கதை, பொத்தானை அழுத்த ஒரு கை வேண்டுமே என்பதற்காகத்தான் அதில் மனிதர்கள் வருகிறார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். இல்லை, மனிதன் என்பவன் யார் என்று இவ்வளவு நேராகக் கேட்கிற எழுத்து வேறு இல்லை என்றார் இன்னொருவர். நான் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். “மச்சான், நீதானேடா இதெல்லாம் வெறி புடிச்ச மாதிரி படிக்கிறவன், வாயத் தொறயேன்” என்றீர்கள். அங்கே திறக்க முடியவில்லை. எழுதினால் வரும் போலிருந்தது. நமக்கு ஒன்றும் வயதாகிவிடவில்லை. ஆனாலும் எட்டாம் வகுப்பை நினைத்தால், அது வேறு யாரோ இருந்து முடித்த காலம் போலத்தான் எனக்குப் படுகிறது.

எங்கள் வீடு பம்மலில், பழைய தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் போகும் சந்தில் இருந்தது. தோல் பதனிடும் இடங்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஷாப்புகள் பாதிக்குமேல் மூடிக் கிடந்தாலும் மழை பெய்தால் போதும், சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை தரையிலிருந்து எழுந்து சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அப்பாவும் சித்தப்பாவும் சின்ன வயதில் அங்கே தோல் அலசியவர்கள். அந்த வேலை போன பிறகு கழிவுநீர் லாரிக்கு வந்தார்கள். இருவருக்கும் எழுத்து தெரியாது. அம்மாவுக்குத் தன் பெயர் மட்டும் எழுத வரும். பள்ளிக்கூடம் என்று போனவன் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல்.

லாரியின் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டில் ‘தொட்டிக்குள் ஆட்களை இறக்க மாட்டோம்’ என்று எழுதியிருக்கும். ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எழுத்தை அவர்களுக்கு முதன்முதலில் படித்துக் காட்டியவன் நான். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்போ நான் யாருடா வாத்தியாரே? பேயா?”

என்னை அவர் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

லாரியின் குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிப்போன சேற்றை உறிஞ்சாது. யாராவது இறங்கி மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். இறங்குகிறவர் சித்தப்பா. கல்யாணம் ஆகாதவர், ஒல்லி, சின்ன வாய் வைத்த தொட்டியிலும் தோளைக் குறுக்கி நுழைந்துவிடுவார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அப்பா மேலே நிற்பார். நிற்பது மட்டும் இல்லை. பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் கொடுப்பது என்று அதற்குப் பெயர். மேலே இருப்பவர் பேச்சை நிறுத்தவே கூடாது. கீழே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பேச்சுக்குப் பதில் வரவில்லையென்றால் மறுபேச்சு கிடையாது, கயிற்றை இழுத்துவிட வேண்டும். தோல் ஷாப்புத் தொட்டிகளில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவர்களுக்கு இந்த வழக்கம். உள்ளே விஷக்காற்று இருந்தால் முதலில் போவது பதில்தான் என்று அப்பா சொல்வார்.

ஆனால் தினமும் என்னதான் பேசுவது? ரேஷன் கடை, அம்மாவுடன் சண்டை, யார் வீட்டில் யார் ஓடிப்போனார்கள் என்பதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தெரிந்த சங்கதியைப் பேசினால் கீழே இருப்பவர் நினைப்பில்லாமலே ‘உம்’ கொட்டுவார். ‘உம்’மை நம்ப முடியாது. மயக்கத்தில் இருப்பவனும் உம் கொட்டுவான். அதுதான் அப்பாவின் பெரிய கவலை.

அந்த மழைக்காலத்தில் சித்தப்பா ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஏதோ குடியிருப்பில் வீட்டைக் காலி செய்தவர்கள் குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டுப் போனதாம். சட்டைக்குள் வைத்து, நனையாமல் எடுத்துவந்திருந்தார்.

“இந்தா வாத்தியாரே. படமெல்லாம் போட்டுகீது. ராக்கெட்டு கீது பாரு.”

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து யாரோ பைண்டு செய்த புத்தகம். பழுப்பு அட்டை, முதுகில் சிவப்புத் துணி. முதல் பக்கம் இல்லாததால் எழுதியவர் பெயர் இல்லை. ஒவ்வொரு வாரக் கதையும் முடியும் பக்கத்தின் பின்புறத்தில் வெங்காய வடாம் போடுவது எப்படி என்று இருக்கும், தைல விளம்பரம் இருக்கும். பசை வாசனையும் பழைய தாள் வாசனையும் கலந்து அடிக்கும். எங்கள் வீட்டில் அப்படியொரு நல்ல வாசனை அடித்தது அந்தப் புத்தகத்திலிருந்துதான்.

சனிக்கிரகத்துக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பல். உள்ளேயே பிறந்து உள்ளேயே சாகும் ஜனங்கள். ஒருநாள் காற்று குறைய ஆரம்பிக்கிறது. எல்லோருக்கும் போதாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை வெளியே தள்ளுவது என்று முடிவுசெய்ய ஓர் இயந்திரத்தை அமர்த்துகிறார்கள். அது அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டி ஒவ்வொருவரிடமும் கேட்கிறது: ‘உன்னால் இந்தக் கப்பலுக்கு என்ன பயன்?’

முதல் நாள் சாயங்காலம் நான் உரக்கப் படித்தபோது அப்பா பீடியைப் பற்றவைக்காமலே உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவும் வந்து குந்தினார். அப்பா அவரை விரட்டினார்.

“நீ போடா. கேரம் போர்டு ஆடப் போ.”

“ஏன்ணா? நான் கொணாந்த புக்குதானே?”

“நீ இப்ப கேட்டுட்டா நாளிக்கு நான் உள்ள இன்னாத்த சொல்றது? போ. உனுக்கு அங்க.”

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. சாயங்காலம் நான் படிப்பேன், அப்பா கேட்டு மனதில் ஏற்றிக்கொள்வார். சித்தப்பா தெருமுனையில் இருப்பார், காதில் விழக்கூடாது. மறுநாள் தொட்டியின் வாயில் குனிந்து அப்பா கதையைச் சொல்வார். கீழேயிருந்து ‘உம்’ வராது. ‘அப்புறம்?’ என்று வரும். அப்பாவுக்கு அந்த ‘அப்புறம்?’ போதும். அடுத்து என்ன என்று கேட்கிறவன் உயிரோடும் நினைவோடும் இருக்கிறான் என்று அர்த்தம்.

இதை டிரைவர் அண்ணன் எங்கள் வீட்டில் நடித்துக் காட்டுவார். அப்பா குனிந்து, கையை வாயில் குவித்து, “மெஷினு கதவத் தட்டுதுடா!” என்பாராம். உள்ளேயிருந்து எதிரொலியோடு, “எவன் வூட்டுக் கதவு?” என்று வருமாம். குடியிருப்புக்காரர்கள் பயந்துபோய்ப் பார்ப்பார்களாம்.

சித்தப்பா நல்ல ரசிகர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு அந்த இயந்திரத்தைத்தான் பிடித்திருந்தது. தண்டத்துக்குச் சாப்பிடுகிறவனையெல்லாம் தள்ளிவிட வேண்டியதுதான் என்று உள்ளேயிருந்து தீர்ப்புச் சொல்வார். கப்பல் தலைவனின் மகள் யாரைக் கட்டிக்கொள்வாள் என்பது அவருக்கு உயிர் போகிற பிரச்சினை. ஒருநாள் கதை நடுவில் கேட்டாராம்:

“அண்ணாத்தே, அம்மாம் பேரு கீறாங்களே, கக்கூஸ் யாரு கழுவுறது?”

அப்பாவுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் என்னிடம் கேட்டார். புத்தகத்தில் அது இல்லை. “அதெல்லாம் மெஷின் பாத்துக்கும்ப்பா” என்று நானாகச் சொன்னேன். மறுநாள் அது தொட்டிக்குள் போய், பதில் கேள்வியாக வீட்டுக்கு வந்தது: “மெஷினு மாட்டிக்கினா எவன் எறங்குவான்னு கேக்குறான்டா உன் சித்தப்பன்.” எல்லோரும் சிரித்தோம். அம்மாகூட.

மழை விடுவதற்குள் புத்தகம் தீர்ந்துவிட்டது. கதை தீரவில்லை. பைண்டு செய்தவருக்குக் கடைசி வாரங்கள் கிடைக்கவில்லையோ என்னவோ, இயந்திரம் ஒரு கிழவரின் கதவைத் தட்டும் இடத்தில் ‘தொடரும்’ என்று நின்றுவிட்டது. கிழவருக்கு எந்த வேலையும் தெரியாது. கண்ணும் தெரியாது.

“முடிவு எங்கடா?” என்றார் அப்பா.

“இல்லப்பா. கிழிஞ்சி போச்சி.”

“கிழிஞ்சி போச்சின்னு நான் உள்ள சொல்ல முடியுமாடா? நாளிக்கு மார்க்கெட்டாண்ட பெரிய தொட்டி. நீ எதுனா சொல்லு. படிச்சவன்தானே?”

அவர் அதட்டவில்லை, கெஞ்சினார். அப்பா என்னிடம் கெஞ்சி அன்றுதான் பார்த்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். இயந்திரம் கேட்கிறது, உன்னால் என்ன பயன்? கிழவர் சொல்கிறார், எனக்கு ஒரு வேலையும் தெரியாது, ஆனால் நீ இத்தனை கதவு தட்டிவிட்டு வருகிறாய், உன்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, உட்கார், நான் பேசுகிறேன். கிழவர் பேச ஆரம்பிக்கிறார். இயந்திரம் கேட்கிறது. கேட்கக் கேட்க அதற்குக் கணக்கு மறந்துபோகிறது. கடைசியில் அது வாயைத் திறந்து கேட்பது ஒரே ஒரு சொல்தான்: அப்புறம்?

மறுநாள் சித்தப்பா வேலை முடிந்த பிறகும் மேலே வரவில்லையாம். கிழவன் பிழைத்தானா என்று தெரியாமல் வரமாட்டேன் என்று கழிவுக்குள்ளேயே நின்றாராம். ஓனர் கத்தினாராம். “தப்பிச்சிக்கினான்டா கெயவன்!” என்று கத்திக்கொண்டுதான் ஏறி வந்தாராம். வீட்டுக்கு வந்து குளித்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். “கட்சீல மெஷினும் மன்சன் ஆயிட்ச்சே வாத்தியாரே” என்றார். அந்த முடிவு என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை.

மனிதநேயம் என்ற சொல்லை நான் பாடப்புத்தகத்தில் படித்தது அதற்குப் பிறகுதான்.

பொங்கலுக்கு முன்னால் பள்ளி ஆண்டு விழா. அறிவியல் கதைப் போட்டி வைத்தார்கள். அறிவியல் சார் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். என்னைப் போன்ற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் மேல் அவருக்குத் தனி அக்கறை உண்டு. பல நாள் தன் டிபன் பாக்ஸ் இட்லியை எனக்குக் கொடுத்தவர். நான் எழுதிய கதைக்கு ‘இரும்புச் சித்தப்பா’ என்று பெயர். கழிவுத் தொட்டிக்குள் இறங்கும் ஓர் இயந்திரம். மேலே ஒரு மனிதர் நின்று அதற்குக் கதை சொல்கிறார். ‘அப்புறம்?’ என்று அது கேட்டுக்கொண்டே வேலை செய்கிறது. அது கேட்காமல் போனால் அவர் கயிற்றை இழுக்கிறார்.

சார் மிகவும் சந்தோஷப்பட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“ஐடியா பிரமாதம்டா. ஆனா இது சயின்ஸ். மெஷினுக்கு எதுக்குப் பேச்சுத்துணை? அதுக்குக் கேமரா இருக்கு, சென்சார் இருக்கு. மேல ஒருத்தன் எதுக்கு நிக்கணும்? அதுவே தானா பண்ணிடும். அதுதான் முன்னேற்றம்.”

மேலே நிற்பவரை அடித்துவிட்டார். கதை சொல்லும் இடங்களை அடித்துவிட்டார். கடைசி வரியை அவரே எழுதினார்: ‘இனி மேலே யாரும் நிற்க வேண்டியதில்லை.’ எனக்கும் அது மிக அழகான வரியாகத் தெரிந்தது. முதல் பரிசு கிடைத்தது. ஆண்டு விழா மேடையில் நானே படிக்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றார்கள்.

அதே சமயத்தில் ஓனர் ஒரு மெஷின் வாங்கினார். கூடுவாஞ்சேரியில் யாரோ தொழிலை விட்டவரிடமிருந்து, பழசுதான். நாலு சக்கரம், முன்னால் ஒரு விளக்கு, கேமரா, சேற்றைக் கிளற ஒரு கை, நீளமான கறுப்புக் கேபிள். மேலே சின்ன டிவி போல ஒரு திரை. உள்ளே இருப்பதெல்லாம் அதில் தெரியும். எல்லோரும் அதை ரோபோ என்றார்கள். லாரி நிறுத்தும் இடத்தில் பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். சித்தப்பா அதன் இரும்புக் கைக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கன்னத்தைக் கிள்ளுவது போலக் கிள்ளினார்.

“வா மச்சான். இனிமே நீ எறங்கு, நான் மேல நின்னு ஊர வேடிக்க பாக்குறேன்.”

அந்தப் பூஜைக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். என் கதை கண்ணெதிரே சக்கரம் வைத்து நிற்பதைப் பார்த்து அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஓனர் நல்ல மனநிலையில் இருந்தார். அப்பாவின் தோளில் கைபோட்டார்.

“இனிமே கத சொல்ல ஆளு தேவல. எல்லாம் டிவியிலயே தெரியும். நீ வெள்ளிக்கெயம லீவு போட்டுக்கினு புள்ளயோட ஸ்கூலுக்குப் போய்ட்டு வா. சம்பளம் புடிக்க மாட்டேன்.”

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சொன்னார்: “போண்ணா. நான் இன்னா எறங்கவா போறேன்? போய் அந்தக் கதயக் கேட்டுக்கினு வா. வாத்தியார் சொந்தமா எழுதுனதாமே? எனுக்கு மொதல்லந்து சொல்லணும், ஒண்ணு வுடாம.”

“உள்ள எறங்குனாத்தானேடா கத?”

“அடப் போண்ணா, வெளிய வச்சி சொன்னா கத வராதா?”

வெள்ளிக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தார். பெற்றோர்களுக்குப் போட்ட நாற்காலிகளில் உட்காராமல், பந்தலின் பின்பக்கம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மைக் முன்னால் படிக்கும்போது அவரைத்தான் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் ஒரு வரி சொல்ல, அவர் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டிருந்தார். தம்பிக்குச் சொல்ல வேண்டுமே. கடைசி வரிக்குப் பலமாகக் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை, உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

இனி வருவது டிரைவர் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டே சொன்னது. அவரும் அதற்குப் பிறகு எதையும் நடித்துக் காட்டியதில்லை.

மெஷின் கைக்குப் புதுசு என்பதால் அது விழுந்துவிடக் கூடாதென்று இடுப்புக் கயிற்றை அதற்குக் கட்டி இறக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. செயலாளர்கூட வந்து திரையைப் பார்த்து, “பரவாயில்லையே, நம்ம ஊர்லயே வந்துடுச்சே” என்றாராம். பிறகு உள்ளே இருந்த பழைய இரும்புக் குழாயில் கேபிள் சுற்றிக்கொண்டது. இழுத்தார்கள், வரவில்லை. சித்தப்பாதான் முதலில் வழி சொன்னார்.

“கேபிள வெட்டிவுட்டுட்டு கயித்தப் புடிச்சி இழுத்தா வந்துரும் சார்.”

“வெட்டுறதா?” என்றார் ஓனர். “புதுக் கேபிளு இன்னா வெலன்னு தெரியுமாடா உனுக்கு?”

“தெரியாது சார். உங்களுக்கு?”

“எனுக்கும் தெரியாது. அதான் பயமா கீது.”

டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டாராம். சித்தப்பாவும் சிரித்தாராம். செயலாளர், சாயங்காலத்துக்குள் மூடிவிட வேண்டும், குழந்தைகள் விளையாடுகிற இடம் என்று அவசரப்படுத்தினார். சித்தப்பா சட்டையைக் கழற்றினார். ரெண்டே நிமிஷம், சிக்கெடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். இடுப்புக் கயிறு மெஷினில் இருந்தது. இன்னொரு கயிறு கொண்டுவந்திருக்கவில்லை. எதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவர் இறங்கினார். மேலே இருந்தவர்கள் எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடினார்கள். திரையில் முதலில் அவர் கால் தெரிந்தது. பிறகு முகம் தெரிந்தது. கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டி, தலையை வாரிக்கொள்வது போலச் செய்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவருடைய கை வந்து கேபிளைப் பிடித்தது. கை அசைந்தது, சிக்கெடுத்தது. பிறகு அது அப்படியே கேபிளைப் பிடித்தபடி இருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கை தெரிந்துகொண்டே இருந்தது. கையைப் பார்த்த தைரியத்தில் தொட்டியின் வாய்ப்பக்கம் யாரும் திரும்பவில்லை. “மெதுவா எடுக்கறாரு பாரு, மெஷினுக்கு வலிக்காம” என்று வாட்ச்மேன் சொன்னாராம். ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது அப்பாவின் வேலை.

விழா முடிந்து எனக்குப் பரிசாக பிளாஸ்டிக் பூகோள உருண்டை கொடுத்திருந்தார்கள். தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். அப்பா அதை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார். “இதுல நம்ம பம்மல் எங்கடா?” என்றார். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடம் முழுதும் என் விரல் நுனிக்குள் அடங்கிவிட்டது. “அவன் கேப்பான், சனிக்கிரகம் எங்கன்னு” என்று சிரித்தார். எங்கள் சந்துமுனையில் கூட்டம் நின்றிருந்தது. அம்மா தெருவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சுடுகாட்டில் எங்கள் வழக்கப்படி புதைத்தோம். குழிக்குள் இறக்கி, ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் போடும் நேரம். அப்பா மண்ணை எடுத்துக்கொண்டு குழியின் ஓரத்தில் குனிந்தார். போடவில்லை. எப்போதும் தொட்டி வாயில் குனிவாரே, அதே மாதிரி ஒரு கையை வாயில் குவித்தார்.

“டேய், குரல் குடுடா” என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பிடித்துத் தூக்கினார்கள். அவர் கை மட்டும் காற்றில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தவை வழக்கமாக நடப்பவை. போலீஸ் வந்தது, ஓனரை அழைத்துப்போனது, திரும்ப விட்டது. ஆள் தானாகத்தான் இறங்கினான் என்று செயலாளர் சொன்னார். அது பொய்யும் இல்லை. ஓனர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் காலைப் பிடித்து அழுதார். அதுவும் பொய் இல்லை.

அறிவியல் சார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். என் தலையில் கைவைத்து, “உன் கதை பலிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதுடா” என்றார். அப்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல மனிதர். இன்று அவரைப் பார்த்தால் ஒன்று சொல்வேன்: சார், கதை பலித்தது. நீங்கள் திருத்திய கதைதான் பலித்தது. மெஷின் இருந்தது, கேமரா இருந்தது, மேலே யாரும் நிற்கவில்லை. அடித்துவிட்டீர்களே, அந்த ஆள் மட்டும்தான் வேண்டியிருந்தது.

புத்தகம் அடுத்த மழையில், வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிப்போனது. அம்மா வெயிலில் காயவைத்துப் பார்த்தாள். பக்கங்கள் கட்டியாக ஒட்டிக்கொண்டன. பசை வாசனை போய், தோல் ஷாப்பு வாடை ஏறிவிட்டது. பூகோள உருண்டை எப்போது உடைந்தது என்று நினைவில்லை. அப்பா லாரி வேலையை விட்டுவிட்டுச் சந்தையில் மூட்டை தூக்கப் போனார். நான் படிப்பதை அவர் தடுத்ததில்லை. உரக்கப் படிப்பதைத்தான் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் நான் படித்தால் அவர் உதடு அசைய ஆரம்பித்துவிடும். ‘இரும்புச் சித்தப்பா’வை அவர் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு வரி விடாமல் இன்றும் அவரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில் என்று சொல்ல மாட்டேன். எந்த எதிர்காலக் கதையைப் படித்தாலும், எவ்வளவு பெரிய கப்பல், எவ்வளவு அறிவுள்ள இயந்திரம் வந்தாலும், என் கண் ஒன்றைத்தான் தேடுகிறது. உள்ளே போனவரோடு மேலே நின்று பேசிக்கொண்டிருப்பவர் யார்? அவரை எழுதியிருந்தால் அந்தக் கதையை நம்புகிறேன். எழுதாவிட்டால், எவ்வளவு அழகான வரியில் முடிந்தாலும், மூடி வைத்துவிடுகிறேன்.

டிரைவர் அண்ணனைப் போன மாதம் பம்மல் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். இப்போதும் அதே ஓனரிடம்தான் இருக்கிறார். அந்த மெஷின் இன்னும் ஓடுகிறதாம், நல்ல மெஷினாம். அன்று தீயணைப்புக்காரர்கள் வந்து சித்தப்பாவை எடுக்க முடியாமல், முதல் வேலையாகக் கேபிளைத்தான் வெட்டினார்களாம். வெட்டியதும் மெஷின் கயிற்றோடு சுலபமாக மேலே வந்துவிட்டதாம், சித்தப்பா சொன்னது போலவே. புதுக் கேபிளை மறுவாரமே மாட்டிவிட்டார்கள். என்ன விலை ஆயிற்று அண்ணா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மாட்டும் கூலியோடு சேர்த்து, மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.